நாற்பத்தோராவது சீட்டு

மே 3, வெள்ளி. சென்னை விமான நிலையம்

கோமதிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். "அப்பா மாதிரி வாயால அளந்துட்டு விட்டுராதம்மா. எந்த ஊருல என்ன பாத்தன்னு அன்னன்னைக்கே எழுதி வை" என்று சொல்லி, மெடிக்கல் ஷாப்பில் சும்மா கொடுத்த டைரியைக் கைப்பைக்குள் திணித்தாள் என் மகள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெறும் தாள். என் வாழ்க்கையும் அப்படித்தான் என்று எழுத வந்தேன், வேண்டாம். நல்ல காரியமாகப் போகும்போது எதற்கு.

என் வீட்டுக்காரர் பிரமநாயகம் டூர் கம்பெனியில் சமையல் மாஸ்டர். நம் ஊர் ஆட்களை பஸ்ஸில் வைத்து ஐரோப்பா சுற்றிக் காட்டும் கம்பெனி. சுத்த சைவச் சாப்பாடு, நம் கை ருசி என்று விளம்பரம் போடுவார்கள். அந்தக் கை இவருடையது. இதுவரை ஒன்பது தடவை போய் வந்திருக்கிறார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கே இவர் சொல்லித்தான் பாரீஸும் வெனிஸும் தெரியும். பிடித்த ஊர் எது என்று யார் கேட்டாலும் யோசிக்கவே மாட்டார். லூசெர்ன் என்பார். சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை ஊராம். "அந்த ஏரிக்கரையில உன்னக் கொண்டு நிறுத்திட்டா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ளா" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார். பத்தாவது ட்ரிப்புக்கு உங்கள் சம்சாரத்தையும் கூட்டி வாருங்கள், ஒரு சீட்டு நம் செலவு என்று முதலாளி சொல்லிவிட்டாராம். பயணிகள் நாற்பது பேர். நான் நாற்பத்தொன்று.

பதினொரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன், நாளுக்கு ஒன்று. லூசெர்னுக்கு மாம்பழக் கலர் பட்டு.

ஒரே ஒரு குறை. இவருக்குக் கையாளாக வரும் கணேசபாண்டிக்கு விசா வரவில்லையாம். இன்று காலையில்தான் தெரிந்ததாம். நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாய் எப்படிப் பொங்குவிய என்று கேட்டேன். "பாத்துக்கிடலாம்" என்றார். முகத்தில் ஒரு கவலை இல்லை. எப்போதும் இப்படித்தான், கல்லுளிமங்கன்.

மே 4, சனி. பாரீஸ்

பார்த்துவிட்டேன் டவரை! பஸ்ஸை விட்டு இறங்கி, நிமிர்ந்து, கழுத்து வலிக்கப் பார்த்தேன். எனக்கு முன் சீட்டு ரேணுகாதேவி, கோயம்புத்தூர், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். "நில்லுங்க வடிவு, சேலைத் தலைப்ப எடுத்து விடுங்க, உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க" என்று அவர்தான் என் போனில் படம் பிடித்துக் கொடுத்தார். பெரிய படிப்பு படித்தவர், என்னிடம் எவ்வளவு மரியாதை.

இவர் பஸ்ஸில் வரவில்லை. சமையல் சாமானும் சமையல்காரரும் தனி வேனில் நேரே ஓட்டலுக்குப் போய்விடுவார்களாம். எனக்கு இது தெரியாது. "அப்போ ஊரை நீங்க எப்பப் பாப்பிய?" என்றேன். "நான் பாக்காததாளா?" என்று சிரித்தார்.

ஓட்டல் ஊருக்கு ரொம்ப வெளியே, பெரிய ரோட்டு ஓரமாக இருக்கிறது. அதன் பின்கட்டில் சமையல் கூடம். கை கால் கழுவிக்கொண்டு எட்டிப் பார்த்தால், மனுஷன் எட்டுக் கிலோ வெங்காயத்தைத் தனியாக உரித்துக்கொண்டு நிற்கிறார். மனசு கேட்குமா? முந்தானையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஜரிகையெல்லாம் வெங்காய வாடை.

மே 5, ஞாயிறு. பாரீஸ்

டூர் மேனேஜர் ஜெபசிங் நாகர்கோவில்காரர், நல்ல தம்பி. காலையில் வந்து தலையைச் சொறிந்தார். "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அண்ணாச்சிக்கு ஒத்தாசையா இருந்துக்கிடுங்களேன். கணேசபாண்டி இல்லாம அவருக்கு முடியல." நான் பதில் சொல்வதற்குள் இவர், "அதெல்லாம் இருப்பா" என்றார்.

எல்லோரும் ஆற்றில் படகில் போனார்கள். நான் நூற்று அறுபது சப்பாத்தி தேய்த்தேன். ஒரு நாள்தானே.

மே 6, திங்கள். ஆம்ஸ்டர்டாம்

வேனில் போனேன். வழியில் பிரஸ்ஸல்ஸ் வந்து போனதாம், நான் தூங்கிவிட்டேன். தக்காளி வெட்டினேன்.

மே 7, செவ்வாய். ஆம்ஸ்டர்டாம்

இன்றும் வேன்தான். ஓட்டுகிறவர் போலந்து நாட்டுக்காரர், பெயர் மாரெக். ஒரு வார்த்தை நமக்குப் புரியாது, ஆனால் தயிர் சாதம் நன்றாகச் சாப்பிடுகிறார். சமையல் சாமான் வாங்கக் கடைக்குப் போகும் வழியில் தூரத்தில் ஒரு காற்றாடி மில் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் உள்ள ஒண்ணும் இருக்காது, வெறும் காத்து" என்றார் இவர். ஒன்பது தடவை பார்த்தவருக்கு அலுத்திருக்கும். எனக்கு அலுக்கவில்லை என்பதை இந்த மனுஷனுக்கு யார் சொல்லுவது?

சாப்பாட்டு நேரத்தில் ரேணுகாதேவியைப் பார்த்தேன். "எங்க, ஆளையே காணோம்?" என்று கேட்பார் என்று நினைத்தேன். டம்ளரை நீட்டி, "இந்தா, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா" என்றார். மூன்று நாளில் 'நில்லுங்க' போய் 'கொண்டா' வந்துவிட்டது. கழுத்தில் ஏப்ரன் கிடந்ததால் அடையாளம் தெரியவில்லையோ என்னவோ. கொண்டு போய்க் கொடுத்தேன்.

சாம்பாருக்கு எல்லோரும் கை தட்டினார்கள். சாம்பார் நான் வைத்தது. இவர் கும்பிட்டுக்கொண்டார்.

மே 8, புதன். ஜெர்மனி

கொலோன் ஊர் மாதாகோயிலின் இரண்டு கோபுரம் வேன் ஜன்னலில் தெரிந்தது. ஐந்து நிமிஷம் கூடவே வந்து, அப்புறம் ஒரு லாரி மறைத்துவிட்டது. "உள்ள போயிருக்கியளா?" என்று கேட்டேன். "போகாம? நம்ம நெல்லையப்பர் கோயில் மாதிரியே சுத்துப் பிரகாரம், கல்தூணு. தட்டினா சத்தம் வரும்" என்றார். இவர் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் இருந்து கேட்டபோது இன்னும் நன்றாக இருந்தது.

நாளைக்கு சுவிட்சர்லாந்து. லூசெர்ன் பக்கத்தில் இரண்டு நாள் தங்கல். அந்த ஊருக்கு மட்டும் என்னைக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று கட்டன்ரைட்டாகச் சொல்லிவிட்டேன். "உனக்கு இல்லாததா" என்றார்.

மே 9, வியாழன். சுவிட்சர்லாந்து

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை ஆறரை மணி, நல்ல வெளிச்சம். தயிர் சாதத்துக்கு மோர்மிளகாய் வேண்டும் என்று நேற்றே ரேணுகாதேவி கேட்டிருந்தார். அவர் கேட்டதைக் கொடுத்தால் கம்பெனிக்கு நல்ல பேர் என்று இவரும் ஒரு பை மோர்மிளகாயை எண்ணெயில் கொட்டினார். நான் சொன்னேன், மேலே ஃபேன் ஓடவில்லை, ஜன்னலைத் திறங்க என்று. ஜன்னல் திறக்கிற ஜன்னலே இல்லை. புகை கிளம்பி இரண்டு பேருக்கும் கமறிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், கூரையில் இருந்த பெட்டி அலற ஆரம்பித்தது. ஒன்று அலற, அடுத்தது அலற, ஓட்டல் முழுக்க அலறல்!

ஐந்து மாடி ஜனமும் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்துவிட்டது. தலையில் ஷாம்பு நுரையோடு ஒருத்தர், கையில் பூனையோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி. நம் நாற்பது பேரும் நைட்டியும் லுங்கியுமாக நிற்கிறார்கள். நான் பச்சைப் பட்டில், கையில் ஜல்லிக்கரண்டியோடு. தீயணைப்பு வண்டி வந்தது. கவசம் போட்ட இரண்டு ஆள் உள்ளே போய், மோர்மிளகாய்ச் சட்டியோடு தும்மிக்கொண்டே வெளியே வந்தார்கள். ஜனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதோடு முடிந்திருந்தால் கோமதிக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. ஓட்டல் மேனேஜர் அம்மாள் கோபமாக வந்து, சமையல் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் யார் யார், காகிதத்தைக் காட்டு என்று ஜெபசிங்கிடம் கேட்டாள். அவர் ஃபைலைத் திறந்தார். அவள் விரல் வைத்து வாசித்தாள். மாரெக், டிரைவர். பிரமநாயகம், குக். அதற்கடுத்த வரியை அவளுக்கு வாசிக்க வரவில்லை. ஜெபசிங் வாசித்தார்: சண்முகவடிவு, அசிஸ்டென்ட் குக். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் என்னைக் கைகாட்டினார்.

நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் வாசிப்பேன். எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்துக்குக் கீழே தேதி, ஜனவரி பதினெட்டு. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். அன்றைக்குத்தான் இவர் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்து, "உனக்கு சீட்டு கெடச்சுட்டுளா!" என்று சொல்லி, மாவு ஆட்டிக்கொண்டிருந்த கையைத் துடைக்க வைத்து, இங்க போடு, இங்க போடு என்று நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார். என்ன ஏதென்று நானும் பார்க்கவில்லை. புருஷன் நீட்டுகிற காகிதத்தை எவள் வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறாள்?

"கணேசபாண்டிக்கு விசா ஏன் தம்பி வரல?" என்று ஜெபசிங்கிடம் கேட்டேன். அவர் இவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அவன் போன வருஷமே துபாய் போயிட்டானேக்கா."

உள்ளே வந்ததும் கேட்டேன். இவர் மறைக்கவில்லை. "சும்மா சீட்டெல்லாம் தரமாட்டேன்னுட்டாரு முதலாளி. வேலைக்கு ஆளா வந்தா கூட்டிட்டு வாங்கன்னாரு. வேற எந்த வழியில உன்ன நான் கூட்டிட்டு வர? சொன்னா நீ வந்திருக்க மாட்டேல்லா?"

"சொல்லிருந்தா வந்திருப்பேன். நூல் சேலை எடுத்துட்டு வந்திருப்பேன்" என்றேன்.

மே 10, வெள்ளி. லூசெர்ன்

மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு நேரே பஸ்ஸில் ஏறினேன். கடைசி வரிசையில் என் சீட்டு காலியாகத்தான் கிடந்தது. தண்ணீர் பாட்டில் பெட்டியும் யாருடைய கோட்டோ கிடந்தன. தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா..." என்று ஜெபசிங் வந்தார். "சீட்டு சும்மாதான தம்பி கெடக்கு" என்றேன். முன்னாலிருந்து ரேணுகாதேவி திரும்பி, "இன்னிக்குச் சமையல் இல்லீங்களா?" என்று கேட்டார். ஆளைப் பட்டுச் சேலையில் பார்த்ததும் 'ங்க' திரும்பி வந்துவிட்டது.

இவர் வந்தார். தோளில் துண்டு, முழங்கை வரை கோதுமை மாவு. பஸ் வாசல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏளா, எறங்கு. மாவப் பிசைஞ்சு வச்சிருக்கேன்."

"நான் லூசெர்ன் போறேன். நீங்களும் வாங்க."

"நாப்பது பேருக்கு மதியச் சோறு யாரு கட்டுவா?"

"ஒரு நாளு ரொட்டியத் தின்னட்டும். கெட்டா போயிருவாக?"

பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு. சைவச் சாப்பாடு என்று சொல்லித்தானே கூட்டி வந்தீர்கள் என்று யாரோ ஜெபசிங்கிடம் கத்தினார்கள். எனக்குக் காது அடைத்துப்போய்விட்டது. இவரையே பார்த்தேன். "வாங்க. நீங்கதான் எனக்குச் சுத்திக் காட்டணும்" என்றேன். முறைப்பார், திட்டுவார் என்று நினைத்தேன். கோபமே இல்லை. பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பையன் மாதிரி விழித்தார். "எனக்கு வேலை கெடக்குளா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். ஏன் அப்படி விழித்தார் என்பது ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஏரியைப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் குறைந்துவிடும்.

பிறகு பாலத்தைத் தேடினேன். ஒன்பது வருஷமாக இவர் சொன்ன பாலம். நம் ஊர் ஆற்றுக்கு மேலே இருக்கிற சுலோசன முதலியார் பாலம் மாதிரியே கல்பாலம், வளைவு வளைவாக இருக்கும், இரண்டு முனையிலும் கல் சிங்கம் படுத்திருக்கும், ஏறி நின்றால் அடியில் கெண்டை மீன் ஓடுவது தெரியும் என்பார். ஒரு தடவை மழையில் அந்தப் பாலத்தில் ஒதுங்க இடமில்லாமல் நனைந்துவிட்டாராம். சாய்ந்துகொண்டு நின்ற சிங்கம் ஜில்லென்று இருந்ததாம். எத்தனை தடவை கேட்டிருப்பேன். கேட்டுக் கேட்டு, அந்தச் சிங்கத்தின் முதுகை நானே தடவிப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"தம்பி, கல்பாலம் எங்க இருக்கு?" என்று ஜெபசிங்கிடம் கேட்டேன்.

"கல்பாலமா? இங்க பேர்போன பாலம்னா இதுதான்க்கா. நீங்க நிக்கியளே, இதான்."

கீழே பார்த்தேன். பலகை. கைப்பிடி, தூண், எல்லாம் மரம். தலைக்கு மேலே ஓட்டுக் கூரை. கூரை போட்ட மரப்பாலம்! அதில் மழைக்கு எவன் நனைவான்? சிங்கம் ஒன்று இருக்கிறதாம், ஆனால் பாலத்தில் இல்லை. ஊருக்குள் வேறெங்கோ பாறையில் செதுக்கி வைத்திருக்கிறதாம். பஸ்ஸில் வந்தவர்கள் பாலம் என்றும் சிங்கம் என்றும் பேசிக்கொண்டு சாப்பிட்டிருப்பார்கள். சாதம் பரிமாறிக்கொண்டே இவர் காதில் வாங்கியிருப்பார். மீதிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒன்பது தடவை. ஒரு தடவைகூட இந்த ஊருக்குள் வந்ததில்லை. பாரீஸும் இல்லை, வெனிஸும் இல்லை, அந்தக் கோபுரத்துக் கோயிலும் இல்லை. ஓட்டல் பின்கட்டு, வேன், ஓட்டல் பின்கட்டு. இவ்வளவுதான் என் புருஷன் பார்த்த ஐரோப்பா.

பாலத்தின் நடுவில் நின்று சிரித்தேன். அப்புறம் அழுதேன். பாவம் மனுஷன் என்றுதான் முதலில் தோன்றியது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதானே நான் ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்? வருஷா வருஷம் பத்துப் பன்னிரண்டு நாள் தனியாகக் கிடந்தேன். அவர் அம்மாவுக்குப் பீத்துணி கசக்கினேன். கோமதியின் பிரசவத்துக்கு இவர் ஊரில் இல்லை. அப்போதும் போனில் சிங்கத்தின் கதைதான். நானும் 'உம்' கொட்டினேன். அந்த இடத்திலிருந்து பாவம் எங்கே போனதென்று தெரியவில்லை, வயிறு எரிந்தது.

ஓட்டலுக்குத் திரும்பினால் ஒற்றை ஆளாக நின்று ராத்திரிச் சாப்பாடு முழுவதையும் செய்து வைத்திருந்தார். மணிக்கட்டில் எண்ணெய் பட்டுக் கொப்புளம். நானும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பரிமாறினேன்.

மே 11, சனி. வெனிஸ் போகும் வழி, வேனில்

கேட்டுவிட்டார். பத்து மணிக்கு மாரெக் பெட்ரோல் போட இறங்கியதும் மெதுவாக, "எப்படிளா இருந்துச்சு?" என்றார்.

"என்னது?"

"லூசெர்ன்தான். பாலம்... போனியா பாலத்துக்கு?"

கேட்ட குரல் என்னமோ மாதிரி இருந்தது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை, உண்மையிலேயே பயம். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். மரப்பாலம், நீங்கள் பார்த்ததே இல்லை, எனக்குத் தெரிந்துவிட்டது, போகட்டும், எப்படி இருந்தது என்று சொல்லுகிறேன் கேளுங்கள் என்று. அப்படிச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னது வேறு.

"நீங்க சொன்ன மாதிரியேதான். கல்பாலம். சுலோசன முதலியார் பாலந்தான்னு நெனச்சேன்."

"சிங்கம்?"

"ரெண்டு முனையிலயும் இருக்கு. தொட்டுப் பாத்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு."

முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா! "நான் சொன்னேம்லா?" என்றார். "நான் சொன்னேம்லா?" என்று இன்னொரு தடவை. மாரெக்கிடம்கூட கையை வளைத்து வளைத்துப் பாலத்தைக் காட்டினார். அந்த ஆளுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார்.

மே 12, ஞாயிறு. ஃப்ளாரன்ஸ்

வேன். கத்தரிக்காய் நறுக்கினேன். இவர் பாட்டு முனகிக்கொண்டே கடுகு தாளிக்கிறார். இரண்டு தடவை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "உப்பு போதுமா?" என்று கேட்டு மூடிக்கொண்டேன்.

மே 13, திங்கள். ரோம்

கடைசி நாள் சாப்பாட்டுக்கு மைக் வைப்பது கம்பெனி வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவராக எழுந்து, சுற்றிய ஊர்களில் தனக்குப் பிடித்த ஊர் எது, ஏன் என்று சொல்ல வேண்டும். ஜெபசிங் போனில் படம் பிடிப்பார், அடுத்த வருஷ விளம்பரத்துக்கு. நானும் இவரும் சுவர் ஓரமாகப் பாயச அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றோம். பாரீஸ் என்றார்கள், வெனிஸ் என்றார்கள். ரேணுகாதேவி மைக்கை வாங்கி, "எல்லா ஊருமே நல்லா இருந்துதுங்க. ஆனா அந்த மோர்மிளகாய் சாப்பிடற பாக்கியந்தான் கெடைக்கல" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எல்லாம் முடிகிற நேரத்தில் ஜெபசிங், "ஒருத்தர மறந்துட்டோம்! நம்ம அண்ணாச்சிக்கு இது பத்தாவது ட்ரிப்பு. அண்ணாச்சி, வாங்க, உங்களுக்குப் பிடிச்ச ஊரு எது?" என்று மைக்கை நீட்டினார். நல்லதாகத்தான் நினைத்துச் செய்தார். இத்தனை வருஷத்தில் இவரிடம் யாரும் மைக் கொடுத்ததில்லையாம்.

இவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். ஐயோ, வேண்டாம், வேற ஊரைச் சொல்லுங்க என்று மனசுக்குள் கத்தினேன். எட்டடி தூரம்தான். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம்.

"எனக்கு எப்பவும் லூசெர்ன்தான். அந்தப் பாலம் இருக்கு பாருங்க, அது ஒண்ணு போதும். என்ன கட்டு கட்டிருக்கான்! முழுக்க முழுக்கக் கல்லு. எங்க ஊர்ல சுலோசன முதலியார் பாலம்னு இருக்கு, அச்சு அசல் அது மாதிரியே. ரெண்டு முனையிலயும் சிங்கம்..."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு முன்வரிசையில் ஒருத்தர், "அண்ணாச்சி, அது மரப்பாலம்!" என்றார். "நாங்க மூணு நாளைக்கு முன்னாலதான அதுல நடந்தோம்!" என்றார் இன்னொருத்தர். ஒரு அம்மாள், "சிங்கம் வேற எடத்துலல்லா இருக்கு" என்றாள். "அண்ணாச்சி அடுப்படிய விட்டு வெளிய வந்தாத்தான தெரியும்!" என்று யாரோ சொல்லவும் நாற்பது பேரும் கை தட்டிச் சிரித்தார்கள். கெட்ட மனசோடு சிரிக்கவில்லை. வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

இவர் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "இல்ல... என் வீட்டுக்காரி..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அடுப்பே இல்லாத அண்டா அது.

மைக்கைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். என்னிடம் யாரும் பிடித்த ஊர் எது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவர் சொன்னது சரிதான், கல்பாலம்தான், உங்களுக்குத்தான் கண் தெரியவில்லை என்று சொல்லியிருப்பேன். இப்படி எழுதுவது சுலபம். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பாத்திரம் விளக்கும்போது மெதுவாகக் கேட்டார். "தெரிஞ்சுதான சொன்ன?"

"நீங்களும் தெரிஞ்சுதான கையெழுத்து வாங்கினிய?"

தலையை ஆட்டினார், சரியான பதில் என்கிற மாதிரி. நான் தேய்த்துக் கொடுக்கக் கொடுக்க அவர் அலசி அலசிக் கவிழ்த்தார். ஜெயித்தது நான்தான். ஒரு சந்தோஷமும் இல்லை.

மே 14, செவ்வாய்

விமானம். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். அவருக்கும் வேண்டாம். யாரோ மூன்றாம் மனுஷர் வந்து அதில் உட்கார்ந்துகொண்டார்.

மே 16, வியாழன். பாளையங்கோட்டை

கோமதி பிள்ளைகளோடு வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, "அப்பா, இந்தத் தடவ அம்மாவும் கூட. எந்த ஊருப்பா ரொம்ப நல்லா இருந்துச்சு? மொதல்ல இருந்து சொல்லுங்க" என்று சேரை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளைகள் இரண்டும் அவர் காலடியில். ஒன்பது வருஷமாக நடக்கிற கச்சேரி இது. ஒவ்வொரு தடவையும் காபி ஆறிப்போகும், கதை ஆறாது.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லுகிற மாதிரிதான் சொன்னார்.

"எனக்கென்ன தெரியும்? அடுப்படியில கெடந்தவன். அம்மாட்ட கேளு. அவதான் ஊரப் பாத்தவ."

செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. கோமதி சேரை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "சொல்லும்மா" என்றாள். பிள்ளைகளும் திரும்பி உட்கார்ந்தன. சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். மாரெக் தயிர் சாதம் சாப்பிட்டதைச் சொன்னேன். வேறொன்றும் வரவில்லை.